மூன்றாவது கிளாம்ப்

ஏசி வாங்க வருகிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எத்தனை நிமிடத்தில் குளிரும், சத்தம் வருமா, மின்சாரம் எவ்வளவு இழுக்கும், வெள்ளை தவிர வேறு நிறம் உண்டா. தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். நாற்பத்தொரு வருடத் தொழிலில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அறையின் ஈரத்தை அந்தப் பெட்டி பிழிந்து எடுக்கிறது, பிழிந்தது எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சுவரில் ஒழுகினால் தோன்றும். அப்போது தொலைபேசியில் கத்துவார்கள்.

நீங்களும் கேட்கவில்லை. மூன்று நாளாக என் மகனை உட்கார வைத்து என்னென்னவோ கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தால் நேராக என்னிடம் வந்திருப்பீர்கள். நீங்கள் வரவில்லை. ஆகையால் நான் வந்தேன். யாரும் அழைத்து வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேருந்தில் நின்றபடி வந்தேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். மறுத்துவிட்டேன்.

என் மருமகன் செத்ததற்கு என் மகன் காரணமில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் முறைப்படி சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். பேனாவைக் கடிக்காமல் கேளுங்கள்.

அறைக்குள் இருக்கும் பெட்டியின் அடியில் ஒரு தட்டு உண்டு. தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதில் விழும். தட்டிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, கூரையை ஒட்டிப் போய், வெளியே இறங்கும். அந்தக் குழாயில் தண்ணீரைத் தள்ளுவதற்கு இயந்திரம் எதுவும் கிடையாது. வாட்டம்தான் தள்ள வேண்டும். ஒவ்வொரு கை தூரத்துக்கும் கூரையிலிருந்து ஒரு கம்பி தொங்கும், அதன் நுனியில் கிளாம்ப், கிளாம்ப்பின் மடியில் குழாய். முதல் கிளாம்ப்பைவிட இரண்டாவது ஒரு நூல் அளவு இறங்க வேண்டும், இரண்டாவதைவிட மூன்றாவது. நின்று பார்த்தால் நேராகத் தெரியும். தண்ணீருக்கு மட்டும் தெரியும், அது சரிவு என்று.

எங்கள் வேலை சொட்டாது. இது விளம்பரம் இல்லை. என் தகப்பனார் தொழில் எதுவும் விட்டுப் போகவில்லை. நானாகக் கற்று, நானாக ஏற்படுத்திய பெயர். கடைப் பலகையில் என் பெயரும் அதன் கீழ் 'மற்றும் மகன்' என்றும் எழுதியிருக்கும். அவன் ஆறாவது படிக்கும்போதே எழுதி வைத்துவிட்டேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த இடத்தில் வேலை முடிந்தாலும் நான் பார்க்காமல் குழாயை மறைக்கும் மேல் தட்டியை மூடக் கூடாது. மத்தியானம் ஆட்கள் சாப்பிட இறங்குவார்கள். நான் தனியாக ஏறுவேன். ஒவ்வொரு கிளாம்ப்பாகத் தொட்டுப் பார்ப்பேன். இறங்கி வந்து 'சரி' என்று காகிதத்தில் கையெழுத்துப் போடுவேன். அதற்குப் பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைத் தட்டில் ஊற்றிக் காட்டி, வெளியே வருகிறதா என்று வாடிக்கையாளரையே பார்க்கச் சொல்வோம். அறுபத்தெட்டு வயதிலும் நான்தான் ஏறினேன். கிட்டத்தில் பார்க்கும் பார்வை மங்கி நான்கு வருடம் ஆகிறது. அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது. தொட்டால் தெரியும் வேலைக்குக் கண் எதற்கு.

மருமகனை நானே பார்த்துத்தான் என் மகளுக்குக் கட்டி வைத்தேன். காதல் கீதல் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினால் அது பொய். எங்களிடம் வேலைக்கு வந்தவன். ஆட்கள் அவனை ரசமட்டம் என்பார்கள். சட்டைப் பையில் சீப்பு வைப்பது போல அவன் ரசமட்டம் வைத்திருப்பான், கண்ணாடிக் குழலுக்குள் குமிழி ஓடும் அந்தச் சின்னக் கருவியை. எதன் மேலும் அதை வைத்துப் பார்ப்பான். கல்யாண மேடையிலேயே மணையைத் தூக்கி, "மாமா, இது வலப் பக்கம் சாயுது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கை. அந்தக் கை என் மகனுக்குக் கீழே இருக்கட்டும் என்று நினைத்தேன். கைதான் கேட்டேன். கையோடு ஆளும் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

என் மகனைப் பற்றி நீங்கள் தப்பாக நினைத்திருக்கிறீர்கள். அவன் கலகலப்பானவன். எந்த வீட்டுக்குப் போனாலும் பத்து நிமிடத்தில் அந்த வீட்டுப் பிள்ளை போல் ஆகிவிடுவான். அவன் போட்ட குழாய் ஒன்றிரண்டு சொட்டியது உண்டு. யார் போட்டாலும் ஒன்றிரண்டு சொட்டும். ஒரு இடத்தில் கூரையே கோணல். இன்னொரு இடத்தில் அன்று அவனுக்குக் காய்ச்சல். பல் மருத்துவரின் இடத்தில் நடந்தது அப்படித்தான்.

அதைச் சொல்ல வேண்டும். பல் மருத்துவர் ஒரு பெண்மணி. அவருடைய அறையில் என் மகன் குழாய் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோயாளி ஒருவர் நாற்காலியில் மல்லாந்து வாயைத் திறந்து படுத்திருக்கிறார். மேலேயிருந்து ஒரு சொட்டு, சரியாக வாய்க்குள். அவர் எழுந்து, "டாக்டர், மருந்து மேலேயிருந்தா ஊத்துறீங்க?" என்று கேட்டிருக்கிறார். நான் விசாரிக்கப் போனபோது வரவேற்பறையில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். அந்த ஒன்பது பேர் முன்னால் அந்த அம்மாள் சொன்னார்:

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. உங்க பையன் நல்லாப் பேசுறாரு, பேசட்டும். பைப்பு போட வேற ஆளை அனுப்புங்க. அந்த ரசமட்டம் இருக்காருல்ல, உங்க மருமகன், அவரு வந்தாப் போதும்."

கன்னம் வீங்கிய ஒருவன் வலியோடு சிரித்தான்.  மருமகன் மறுநாள் போய் அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து, "மச்சான் நல்லாத்தான் போட்டிருந்தாரு மாமா. ஒரே ஒரு எடத்துலதான் லேசா" என்றான். இரக்கப்பட்டான். என் மகன் மேல், என் வீட்டில், என் முன்னால் இரக்கப்பட்டான். என் மகன் தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வந்த அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி. "மருமகன் வருவாரா?" "மருமகனையே அனுப்புங்க." ஒருவன் வெட்கமில்லாமல், "மகன் வர்றதா இருந்தா சொல்லிருங்க, வாளியும் சேத்து வாங்கி வைக்கிறேன்" என்றான். பலகையில் 'மற்றும் மகன்' என்று இருக்கிறது. ஊர் அதை அடித்து 'மற்றும் மருமகன்' என்று எழுதிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்கிறீர்களா?

முதல் முறை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு வங்கிக் கிளை. மருமகன் குழாய் முடித்திருந்தான். ஆட்கள் சாப்பிட இறங்கினார்கள். நான் ஏறினேன். தடவிக்கொண்டே போனேன். குறை ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் நான் போட்டதைவிட நன்றாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது கிளாம்ப்பில் கை நின்றது. பையில் ஸ்பேனர் இருந்தது. நட்டை ஏழு சுற்றுத் திருப்பினேன். கிளாம்ப் ஒரு விரல்கடை மேலே ஏறியது. ஏன் மூன்றாவது என்றால், முதலாவது பெட்டியின் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும். கடைசி ஒன்று வெளிச்சத்தில் இருக்கும். மூன்றாவது இருட்டில் இருக்கும்.

பாட்டில் சோதனையில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. மொத்தமாக ஊற்றும் தண்ணீர் முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டைத் தாண்டிவிடும். சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீருக்கு அந்தத் தெம்பு கிடையாது. மேட்டுக்கு முன்னால் தேங்கி நிற்கும். தேங்கினால் பாசி பிடிக்கும், தூசி சேரும். மூன்று வாரத்தில் குழாய் அடைத்துக்கொள்ளும். தட்டு நிரம்பிச் சுவரில் வழியும். மருமகன் கண் முன்னாலேயே பாட்டில் தண்ணீர் ஜோராக வெளியே வந்தது. மேலாளர் கைகுலுக்கினார். நானும் 'சரி' என்று கையெழுத்துப் போட்டேன்.

இருபத்திரண்டாம் நாள் மேலாளர் கத்தினார். நான் என் மகனை அனுப்பினேன். கிளம்பும்போது, "மூணாவது கிளாம்ப்புல ஆரம்பிச்சுப் பாரு. ஒரு விரல்கடை எறக்கு. குழாயை ஊதி விடு" என்று சொன்னேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். மேலாளர் எனக்கே தொலைபேசியில் பேசி, "உங்க பையன் கில்லாடிங்க" என்றார்.

அன்று சாயங்காலம் என் மகன் வீட்டுக்குள் வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பல வருடமாக அவன் கடையில் ஓரமாக இருந்த முக்காலியில்தான் உட்காருவான். அடுத்த நாள் காலை மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் நின்று பார்த்தேன். அவன் அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஒரு விரல்கடை, தம்பி. ஒரு விரல்கடையில் ஒரு குடும்பத்தின் தலை நிமிரும் என்றால் எந்தத் தகப்பன் செய்ய மாட்டான்?

ஒன்றரை வருடத்தில் ஒன்பது இடம். எல்லாவற்றிலும் மூன்றாவது கிளாம்ப், எல்லாவற்றிலும் ஏழு சுற்று. எல்லாவற்றையும் என் மகன் போய்ச் சரி செய்தான். நான் இடம் சொன்னேன் என்பது உண்மை. அது ஒரு கைகொடுப்பு, அவ்வளவுதான். சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பான், கொஞ்ச நேரம் பிடிக்கும். போகப் போக நான் சொன்னதையே அவன் மறந்துவிட்டான். காதை வைத்தால் தண்ணீர் நிற்கும் இடம் கேட்கும் என்று ஆட்களிடம் சொல்லத் தொடங்கினான். குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். ஆட்கள் அவனுக்குக் காது டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். கிண்டலா மரியாதையா என்று அவனுக்குத் தெரியாது. நான் திருத்தவில்லை. எப்படி என்று அவன் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. நல்ல பிள்ளைகள் தகப்பனைக் குடைய மாட்டார்கள்.

மருமகனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். ஆகத்தான் செய்தது. முதல் இரண்டு இடத்துக்கு மன்னிப்புக் கேட்டான். மூன்றாவதற்குப் பிறகு ரசமட்டம் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினான். பிறகு இன்னொன்று. மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு குழாய்க்கு நான்கு முறை அளப்பான். இரண்டு நாள் வேலை ஐந்து நாள் ஆயிற்று. பேச்சு குறைந்தது.  முன்பு அவனைத் தேடி வந்தவர்கள் இப்போது, "மருமகன் வேணாங்க, அவருக்கு என்னமோ ஆயிருச்சு, மகனையே அனுப்புங்க" என்றார்கள். பல் மருத்துவரும் அப்படித்தான் சொன்னார். நான், "இப்ப அவன் ரொம்ப வேலையா இருக்கான், பாக்கலாம்" என்று சொல்லி வைத்தேன். அந்த அம்மாளைக் காக்க வைத்தது எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒருநாள் என் மகள் கடைக்கே வந்துவிட்டாள். அண்ணன் வெளியே போகும் வரை காத்திருந்தாள்.

"அப்பா, அவரு சோத்துத் தட்டு மேல ரசமட்டத்தை வச்சுப் பாக்குறாருப்பா."

"விளையாட்டுக்கு வச்சிருப்பான்."

"விளையாட்டு இல்லப்பா. அழுறாரு. என் கை பொய் சொல்லுதுடி, என் கண்ணு பொய் சொல்லுதுடின்னு அழுறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. அவரு வேலை நல்லாருக்குன்னு நீங்க சொன்னா அவரு நம்புவாரு. வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டாரு."

"சொட்டுற குழாயை நல்லாருக்குன்னு எப்படிம்மா சொல்றது? கைப் பழக்கம் சில பேருக்கு அப்படித்தான், வந்த மாதிரி போயிரும். கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டும்."

அவள் என்னையே பார்த்தாள். "உங்களுக்கு இதுல ஒரு சந்தோஷம் இருக்குப்பா" என்றாள். நான் அவளை அடிக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்த பெண் பேசும் பேச்சா அது என்று மட்டும் கேட்டேன். போய்விட்டாள். அதன் பிறகு என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை.

பத்தாவது இடம் நூலகம். அந்த வேலை நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று மருமகனே சொன்னான். நான்தான், "பயந்துக்கிட்டு ஒதுங்காத. இதை நல்லாப் போடு, எல்லாம் சரியாயிரும்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். இரண்டு மாடி ஏறினால் மேல் முகப்பில் நூலகரின் மேசை. மேசைக்கு மேலே பெட்டி. அங்கிருந்து குழாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, படிக்கட்டின் வெற்றிடத்துக்கு மேலே போய் எதிர்ச் சுவரில் இறங்க வேண்டும். மருமகன் ஆறு நாள் எடுத்துக்கொண்டான். ஏழாம் நாள் மத்தியானம் நான் ஏறினேன்.

எனக்குத் தெரியாமல் அவன் ஒன்று செய்திருந்தான். என் மகளின் நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு கிளாம்ப்பிலும் நட்டுக்கும் கம்பிக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தான். நட்டு திரும்பினால் கோடு முறியும். நல்ல பார்வை உள்ளவனுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும். நான் விரலால் பார்க்கிறவன். நகப்பூச்சு விரலுக்குத் தெரியவில்லை.

இருபதாம் நாள் நூலகர் தொலைபேசியில் பேசினார். பெட்டிக்கு அடியில் வாளி வைத்திருப்பதாகச் சொன்னார். என் மகனை அனுப்புவதாகச் சொன்னேன். மருமகன் கேட்டுக்கொண்டு நின்றான். என்றும் இல்லாமல் நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, இந்த ஒரு தடவை மச்சான் வேணாம். நானே ஏறிப் பாக்குறேன். நீங்க கூட வாங்க. உங்க கண்ணால பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன், தொழிலை விடுன்னாலும் விட்டுர்றேன்."

மறுக்க முடியவில்லை. நூலகத்துக்கு விடுமுறை நாள். காலை பதினோரு மணி. என் மகன் வண்டி ஓட்டி வந்தான். அவனைக் கீழே வண்டியோடு நிற்கச் சொன்னான் மருமகன். காவலாளி கதவைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் மேலே போனோம். வாளி நிரம்பி, மேல் முகப்பின் தரை முழுக்க ஈரம். ஏணியைக் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சாய்த்தோம். ஈரத்தில் ஏணியின் கால் வழுக்கும் என்பதால் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவன் ஏறினான்.

மூன்றாவது கிளாம்ப்பில் அவன் நின்றது எனக்குக் கீழேயிருந்தே தெரிந்தது. விரலால் நட்டைத் தடவினான். பிறகு சிரித்தான். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவன் சிரித்துக் கேட்டேன்.

"மாமா, கோடு முறிஞ்சிருக்கு. என் கை பொய் சொல்லல மாமா. யாரோ நட்டைத் திருப்பியிருக்காங்க." கோட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் கம்பியின் மரைகளை எண்ணினான். "ஏழு சுத்து. சரியா ஏழு."

"ஆட்டத்துல தானா திரும்பியிருக்கும்."

"தானா திரும்பினா கீழ எறங்கும் மாமா. இது மேல ஏறியிருக்கு." ஏணி நடுங்கியது. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். "நம்ம ஆளுதான் மாமா. நான் ரொம்ப நாளா மனசுல வச்சிருக்கேன், சொல்ல நாக்கு வரல. எங்க நிக்குதுன்னு மச்சானுக்கு மட்டும் எப்படித் தெரியுது? காதை வச்சா கேக்குமாம். பைப்பு பேசுமாம். நாளைக்கு எல்லா ஆளுங்களையும் கடைக்கு வரச் சொல்லுங்க. ஒரு பைப்பைக் கட்டி, மச்சானை அவங்க முன்னாடி கண்டுபிடிக்கச் சொல்றேன். நீங்க நடுவுல நில்லுங்க மாமா. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு."

என்னை அவன் சந்தேகப்படவே இல்லை. அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நான்தான் என்று அவனிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. சொல்லலாம். சொன்னால் எதற்காகச் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். ஆட்கள் முன்னால், மகள் முன்னால், மகன் முன்னால். அவன் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி முக்காலிக்குப் போவான். அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்க வேண்டும்.

"கடைசிக் கிளாம்ப்பையும் பாத்துரு" என்றேன். "அதுலயும் கோடு முறிஞ்சிருக்கான்னு பாரு. பாதி தெரிஞ்சு பேசக் கூடாது."

கடைசிக் கிளாம்ப் படிக்கட்டின் வெற்றிடத்துக்கு மேலே இருந்தது. அவன் ஒரு கையால் ஏணியைப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்து, மற்றக் கையை நீட்டினான். "நல்லாப் புடிச்சுக்குங்க மாமா" என்றான். என் மூக்குக்கண்ணாடி மங்கலாக இருந்தது. துடைக்க வேண்டும். கண்ணாடி துடைக்க இரண்டு கையும் வேண்டும்.

தள்ளவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். கையை எடுத்தேன். மற்றதை ஈரம் பார்த்துக்கொண்டது.

அவன் கத்தவில்லை. ஏணிதான் சத்தம் போட்டது. நான் கண்ணாடியைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, படி இறங்கிப் போனேன். இரண்டு மாடி. மெதுவாகத்தான் இறங்கினேன், படியெல்லாம் ஈரம். கீழே அவன் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "ஏழு" என்றான் என்று நினைக்கிறேன். யாரையாவது கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று மருத்துவரைக் கேட்டேன், பிறகு. சொல்ல முடியாது என்றார். சொல்ல முடியாது என்றால் சொல்ல முடியாதுதான். அவன் அடங்கிய பிறகு கூப்பிட்டேன்.

உங்களிடம் முதலில் சொன்னது பொய். ஸ்பேனர் எடுக்க வண்டிக்குப் போயிருந்தேன், திரும்பி வருவதற்குள் விழுந்துவிட்டான் என்று சொன்னேன். அந்த நேரம் என் மகன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தது எனக்குத் தெரியாது. காவலாளி பார்த்திருக்கிறார். நான் என்னை வெளியே நிறுத்தினேன், அவன் உள்ளே மாட்டிக்கொண்டான். அதோடு என் மகள், புருஷனின் நோட்டைக் கொண்டு வந்து உங்களிடம் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு இடத்தின் பெயரும் தேதியும் போட்டு, 'மச்சானுக்கு எப்படித் தெரிகிறது?' என்று அவன் எழுதி வைத்த நோட்டு. வீட்டுச் சமாச்சாரம் காவல் நிலையத்துக்கு வந்தது அப்படித்தான். அண்ணனைப் பற்றி எழுதியது என்று தெரிந்தும் கொடுத்தாள். என் வீட்டில் மானம் பார்க்கிற ஆள் நான் ஒருவன்தான் மிச்சம்.

இதையெல்லாம் நேற்றே சொல்லியிருக்கலாம். முந்தாநாளும் சொல்லியிருக்கலாம். ஏன் இன்று வந்தேன் என்று கேட்டீர்கள். நேற்று மாலை மகனைப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது நீங்கள் என்னை வாசல் வரை கொண்டு விட வந்தீர்கள். ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். "கவலைப்படாதீங்க பெரியவரே. நாளைக்கு முற்றத்துல ஒரு பைப்பைக் கட்டி, வாட்டம் எங்க கெட்டிருக்குன்னு உங்க பையனைக் கண்டுபிடிக்கச் சொல்றோம். தொழிற்பள்ளி வாத்தியார் வர்றாரு. உங்க ஆளுங்களும் சாட்சிக்கு வர்றாங்க. அவரால முடியலேன்னா இந்த நட்டு வேலையை அவரு செஞ்சிருக்க முடியாது, வெளிய வந்துருவாரு." என் மகனும் அதற்குச் சம்மதித்துவிட்டானாம். உடனே சம்மதித்தானாம். காதை வைத்துக் கேட்பேன் என்று சொன்னானாம்.

செத்தவன் கேட்ட அதே சோதனை. அதே ஆட்கள் முன்னால். நான் வீட்டுக்குப் போய் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் சவரம் செய்துகொண்டேன்.

இப்போது அதற்குத் தேவையில்லை. முற்றத்தில் கட்டியிருக்கும் குழாயை அவிழ்க்கச் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் என் ஆட்களைப் போகச் சொல்லுங்கள். செய்தவன் நான். மகனைக் காப்பாற்ற ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். காகிதத்தைக் கொடுங்கள்.

வாசித்துப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. எனக்குக் கண் தெளிவாக இல்லை, உங்கள் எழுத்தரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் சரி. நூலகம், ஏணி, கண்ணாடி, ஏழு சுற்று, அவர் வாசித்தது அத்தனையும் நான் சொன்னதுதான். கடைசி வரி மட்டும் நான் சொன்னதில்லை. 'என் மகனுக்குக் குழாய் வேலை தெரியாது. அந்த நட்டைத் திருப்பும் அறிவு அவனுக்கு இல்லை. நான் இடம் சொல்லித்தான் அவன் எல்லாவற்றையும் சரி செய்தான்.' இதை யார் சேர்த்தது?

உங்கள் நல்ல மனது புரிகிறது. அந்த வரி இல்லாவிட்டால் தகப்பனும் மகனும் சேர்ந்து செய்ததாக ஆகிவிடும் என்கிறீர்கள். ஒன்பது இடத்திலும் நேராக மூன்றாவது கிளாம்ப்புக்குப் போனவன் ஒன்றும் தெரியாதவன் என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேறு வழி இல்லை என்கிறீர்கள். "அந்த ஒரு வரிதான் பெரியவரே உங்க பையனைக் காப்பாத்தும், அதை அடிச்சா அவரும் உங்களோடயே உள்ள வருவாரு" என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்: நட்டைத் திருப்பியது நான், ஏணியை விட்டதும் நான், ஆனால் என் மகன் நினைத்திருந்தால் இரண்டையும் என்னைவிடச் சுத்தமாகச் செய்திருப்பான்.